மருத்துவக் கல்லூரித் தலைமை: எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் மருத்துவக் கல்வி அலகின் பயிற்சி வகுப்புகளில், டீக்கடையில், ஹவுஸ் சர்ஜன்களின் பெற்றோரோடு பேசும்போது என்று எங்கே போனாலும் கல்லூரித் தலைமை பற்றி ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன், தேவைப்படும் இடத்தில் வேறு இடங்களையும் தொடுகிறேன்.

மருத்துவக் கல்வியில தலைமைன்னா டீன் மட்டும்தானே?

ஆணைகளில் கையெழுத்துப் போடுபவர் டீன்தான். ஆனால் ஒரு எம்.பி.பி.எஸ். மாணவரின் நாலரை வருஷப் படிப்பும் அதற்குப் பின் வரும் ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் காலமும் எப்படிக் கழிகின்றன என்பதைத் தீர்மானிப்பவர்கள் இன்னும் பலர்: வைஸ் பிரின்சிபல், துறைத் தலைவர்கள், துறைக்குள் ஒரு டாக்டர் குழுவை நடத்தும் யூனிட் சீஃப்கள், மருத்துவக் கல்வி அலகின் ஒருங்கிணைப்பாளர், ஹாஸ்டல் வார்டன். வார்டில் காலை ரவுண்ட்ஸில் மாணவரை நோயாளி பக்கத்தில் நிறுத்தி இரண்டு நிமிடம் பேசுவதா, பின்னால் வரிசையில் நிற்க வைப்பதா என்று முடிவு செய்வது யூனிட் சீஃப். அதுவும் தலைமைதான்.

டீன் ஆக என்ன தகுதி வேணும்? நிர்வாகம் படிச்சிருக்கணுமா?

வேண்டாம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. எம்.டி., எம்.எஸ். போன்ற முதுநிலைப் பட்டம் வேண்டும், இணைப் பேராசிரியராகவும் பேராசிரியராகவும் சேர்த்துக் குறைந்தது 10 வருஷம் கற்பித்திருக்க வேண்டும், அதில் 5 வருஷமாவது பேராசிரியராக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நெடுநாளாக இருந்துவரும் விதி. பட்ஜெட் போடத் தெரியுமா, ஒரு விசாரணை அறிக்கை எழுதத் தெரியுமா, பாடத்திட்டம் வகுத்த அனுபவம் உண்டா என்பதெல்லாம் தகுதிக் கணக்கில் வராது.

நல்ல டாக்டரா இருந்தா நல்ல டீனா இருக்க மாட்டாரா?

இருக்கலாம், ஆனால் ஒன்று இருந்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது. அறுவை அரங்கில் ஒருவர் சொல்கிறார், மற்றவர்கள் செய்கிறார்கள், முடிவு நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும். கல்லூரி நிர்வாகத்தில் அதே பேராசிரியர் தன்னைவிட ஒரு வருஷம் இளையவரான பதினைந்து இருபது துறைத் தலைவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அவர்களில் யாரையும் வேலையை விட்டு அனுப்பும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, எடுத்த முடிவின் பலன் தெரிய மூன்று நான்கு வருஷம் ஆகும். முப்பது வருஷமாகக் கைவந்த வேகமும் உறுதியும் இங்கே எதிராக வேலை செய்யக்கூடும்.

மருத்துவர்களுக்கு இயல்பாகவே இருக்கும் ஒரு பழக்கம் இங்கே உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளி சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, சோதித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நோய் இன்னதென்று முடிவுக்கு வருவது. டீன் அறையிலும் இதைத் தொடர்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள்தான் நிலைத்து நின்றார்கள்.

சீனியாரிட்டிப்படி போடுறதுதான் பிரச்சினைன்னு எல்லாரும் சொல்றாங்களே?

பாதி உண்மை. பேராசிரியர்களின் பணிமூப்புப் பட்டியலிலிருந்து டீன் பேனல், அதாவது டீன் ஆகத் தகுதியானவர்களின் பட்டியல், தயாராகி, அதிலிருந்து நியமனம் நடக்கிறது. பணிமூப்பைத் தூக்கிவிட்டு 'தகுதி' என்ற பெயரில் தேர்வு செய்தால் அந்தத் தகுதியை அளப்பது யார், எந்த அளவுகோலால் என்ற கேள்வி உடனே வரும். சிபாரிசு புகுவதற்கு அதைவிட அகலமான கதவு கிடையாது. அதனால் பணிமூப்பை முழுவதும் ஒழிக்கச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

உண்மையான சேதம் காலத்தால் வருகிறது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2021 முதல் 60. பட்டியலில் ஏறி ஏறி டீன் ஆகும்போது பலருக்கு ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருஷம்தான் மீதி இருக்கும். வந்து கல்லூரியைப் புரிந்துகொள்ளவே ஆறு மாதம், கடைசி ஆறு மாதம் ஓய்வூதிய ஃபைலும் நிலுவைத் தணிக்கைக் குறிப்புகளும். நடுவில் இருப்பதுதான் அவருடைய பதவிக்காலம்.

அப்போ ஒரு டீன் எத்தனை வருஷம் இருக்கணும்?

என் கருத்தில் குறைந்தது ஐந்து வருஷம். காரணம் ரொம்ப எளிது: முதல் வருஷ மாணவருக்கு இன்று செய்யும் மாற்றம் சரியா தப்பா என்று அவர் ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்கு வரும்போதுதான் தெரியும். அதுவரை மாற்றியவரே இருந்தால்தான் அவர் தன் தவறைத் திருத்த முடியும்.

நம் ஊரிலேயே நீண்ட பதவிக்காலம் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1939-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான ஆ. லட்சுமணசுவாமி முதலியார், பின்னர் 1942 முதல் 1969 வரை 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அவ்வளவு காலம் இன்று யாருக்கும் வேண்டாம், அதில் வேறு ஆபத்துகள் உண்டு. ஆனால் ஒரு திட்டத்தை ஆரம்பித்தவரே அது முளைத்து வளர்வதைப் பார்க்கும் அளவுக்காவது காலம் தர வேண்டாமா?

பொறுப்பு டீன் இருக்கார்ல, அப்புறம் என்ன?

பொறுப்பு டீன் என்பவர் தன் துறை வேலையையும் பார்த்துக்கொண்டு, அடுத்த ஆள் எப்போது வருவார் என்று தெரியாமல் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர். அன்றாட ஃபைல் நகரும், சம்பளம் போகும். ஆனால் ஒரு துறைத் தலைவரைக் கூப்பிட்டு "உங்கள் துறையில் வகுப்பு நடப்பதில்லை" என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கும், ஏனென்றால் அடுத்த மாதம் இருவரும் மறுபடி சக பேராசிரியர்கள். பெரிய கொள்முதலில் கையெழுத்துப் போடவும் தயங்குவார், நாளைக்குத் தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இப்படி மாதக்கணக்கில் ஓடினால் கல்லூரியில் எதற்கும் விடை கிடைக்காது. ஒருவர் ஓய்வு பெறும் தேதி பல வருஷம் முன்பே தெரியும், அந்த இடத்துக்கு ஆளை முன்கூட்டியே தயார் செய்து வைக்க முடியாது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரி, கல்லூரி ரெண்டையும் ஒரே ஆள் பாக்கணுமா?

தமிழ்நாட்டில் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைக்கும் டீன்தான் தலைவர். அவருக்குக் கீழே மருத்துவக் கண்காணிப்பாளர், ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அதிகாரி) எல்லாம் உண்டு, ஆனாலும் கடைசிப் பொறுப்பு அவருடையது. கேரளாவில் கல்லூரிக்கு முதல்வர், மருத்துவமனைக்கு சூப்பரின்டென்டென்ட் என்று தனித்தனி. வேலூர் சி.எம்.சி.யில் இயக்குநர், முதல்வர், மருத்துவக் கண்காணிப்பாளர் என்று மூன்று பேர்.

ஒரே ஆள் என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. வார்டில் மாணவருக்கு இடம் வேண்டும், ஓ.பி.யில் கற்பிக்க ஒரு அறை வேண்டும் என்றால் இரண்டு அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கெடுதல் அதைவிடப் பெரியது. ஆக்ஸிஜன் பிளான்ட், லிஃப்ட், பிணவறை, அமைச்சர் ஆய்வு, மாவட்ட ஆட்சியர் கூட்டம், தொலைக்காட்சியில் வந்த ஒரு புகார் என்று ஆஸ்பத்திரியில் எல்லாமே இன்றைக்கே முடிக்க வேண்டியவை. பாடத்திட்டக் குழுக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டால் யாரும் அழ மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வாரமும் அதுதான் ஒத்திவைக்கப்படுகிறது. ஒரு டீனின் செயல்பாட்டைக் குறைக்கும் காரணங்களில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

இன்றே டீன் செய்யக்கூடியது, வைஸ் பிரின்சிபலிடம் கல்வித் தரப்பை எழுத்து மூலமாக முழுதாக ஒப்படைப்பது, பிறகு அதில் கை வைக்காமல் இருப்பது. இரண்டாவதுதான் கடினம்.

டீன் நினைச்சா ஒரு வாரத்துல சரி பண்ணிடலாமே, ஏன் பண்ண மாட்டேங்கிறார்?

எதை என்பதைப் பொறுத்தது. கட்டிடமும் மின்சாரமும் பொதுப்பணித் துறை கையில். மருந்தும் பெரிய கருவிகளும் 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக, மருந்துக்கு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக்கில் ஒதுக்கீடு. டாக்டர்களைத் தேர்வு செய்வது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், யார் எந்த ஊருக்கு என்பது சென்னையில் கவுன்சலிங்கில் முடிவாகிறது. டீன் கேட்கலாம், நினைவூட்டலாம், நேரில் போய் நிற்கலாம்.

இந்த ஏற்பாடு கெட்டது என்று சொல்ல வரவில்லை. மையக் கொள்முதலால்தான் ஏழைகளுக்கு இலவச மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது, பல மாநிலங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆனால் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில், அதிகாரம் நான்கு அலுவலகங்களில் என்றால் அந்த ஒருவரின் திறமையை எப்படி எடைபோடுவது? காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்கு வரும் தொகை போன்ற சில இடங்களில் கொஞ்சம் கை வீச்சு இருக்கிறது. தேர்ந்த டீன்கள் அதைத் திட்டமிட்டுச் செலவழிக்கிறார்கள், பயந்த டீன்கள் தணிக்கைக்கு அஞ்சி அப்படியே வைத்துவிடுகிறார்கள்.

என்.எம்.சி. நோட்டீஸ் வந்தா டீன் சரியில்லைன்னுதானே அர்த்தம்?

நோட்டீஸில் என்ன குறை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2020 செப்டம்பரில் பழைய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.), 2023-ல் குறைந்தபட்சத் தரவிதிகளை மாற்றியது. 100 எம்.பி.பி.எஸ். இடத்துக்கு 420 படுக்கை, 150 இடத்துக்கு 605, 250 இடத்துக்கு 900 என்று கணக்கு. ஆசிரியர்களுக்கு ஆதார் அடிப்படையிலான வருகைப்பதிவு, வேலை நாட்களில் 75 சதவீதமாவது பதிவாக வேண்டும்.

ஆசிரியர் இடம் காலி என்பது குறை என்றால், முந்தைய பதிலின்படி அதை நிரப்பும் அதிகாரம் டீனிடம் இல்லை. வருகைப்பதிவு குறைவு என்றால் அதில் டீனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆட்கள் வராமலே இருக்கிறார்களா, வந்தும் இயந்திரம் வேலை செய்யாமல் பதிவாகவில்லையா, நீதிமன்ற சாட்சிக்கும் முகாமுக்கும் போன நாட்கள் கணக்கில் சேரவில்லையா என்று பிரித்துப் பார்த்து மாதாமாதம் சரிசெய்வது அவர் வேலை. இதைச் செய்யாமல் நோட்டீஸ் வந்த வாரத்தில் எல்லோரையும் கூட்டித் திட்டுவதால் ஒரு சதவீதமும் ஏறாது.

புதுக் கல்லூரியில டீனா போறது தண்டனையா, வாய்ப்பா?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. அதுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக ஓடிக்கொண்டிருந்த இடம் கற்பிக்கும் மருத்துவமனையாக மாற வேண்டும், அங்கிருந்த டாக்டர்களுக்கும் புதிதாக வந்த பேராசிரியர்களுக்கும் ஒத்துப்போக வேண்டும், குடும்பம் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் ஆசிரியர்கள் எப்போது மாறுதல் கிடைக்கும் என்று காத்திருப்பார்கள்.

ஆனாலும் நான் இதை வாய்ப்பு என்றுதான் சொல்வேன். பழைய கல்லூரியில் "எப்பவும் இப்படித்தான்" என்ற ஒரு வாசகம் எல்லாக் கதவையும் மூடிவிடும், புதுக் கல்லூரியில் அந்த 'எப்பவும்' இன்னும் பிறக்கவில்லை. முதல் மூன்று பேட்ச் எப்படிப் பழகுகிறதோ அதுதான் பின்னால் வருபவர்களுக்கு மரபு. ராகிங் இல்லாத ஹாஸ்டல், சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கும் வகுப்பு, வார்டில் மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம், இதெல்லாம் முதல் டீன் காலத்தில் எளிது, நான்காவது டீன் காலத்தில் ரொம்பக் கஷ்டம்.

புதுப் பாடத்திட்டம் ஒரு காலேஜ்ல நல்லா நடக்குது, எங்க காலேஜ்ல லாக்புக்குல மட்டும் நடக்குது. ஏன்?

2019-ல் சேர்ந்த பேட்ச் முதல் திறன்சார் பாடத்திட்டம் அமலில் இருக்கிறது. லாக்புக் என்பது மாணவர் செய்த பயிற்சிகளைப் பதியும் ஏடு. அடிப்படை வகுப்பு, முதல் வருஷத்திலேயே நோயாளிகளைப் பார்ப்பது, நெறிமுறையும் பேச்சுத்தொடர்பும் சொல்லித்தரும் பகுதி, எலெக்டிவ் எனும் விருப்பப் பாடம் எல்லாம் அதில் உண்டு. கல்லூரியின் பாடத்திட்டக் குழுவுக்கு டீன் அல்லது முதல்வர்தான் தலைவர். அவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கால அட்டவணையைத் தானே படித்துப் பார்க்கிறாரா, மினிட்ஸில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்பதைத் துறைத் தலைவர்கள் ஒரே மாதத்தில் கண்டுகொள்வார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் ஒரே தலைப்பை ஒரே வாரத்தில் சேர்ந்து நடத்த வேண்டும் என்றால் மூன்று பேரில் ஒருவராவது தன் வகுப்பு நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், டீன் சொல்லாமல் யாரும் விட மாட்டார்கள்.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் பிளாண்டும் மற்றவர்களும் பாடத்திட்ட மாற்றங்கள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2000-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாற்றம் வெற்றி பெறத் திரும்பத் திரும்பத் தென்படும் காரணிகளில் தலைமைக்குப் பெரிய இடம் கொடுத்தார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: எந்தப் புது ஏற்பாட்டிலும் ஆரம்பத்தில் செயல்பாடு கீழே இறங்கும், ஆசிரியர்களுக்குக் குழப்பம், மாணவர்களுக்குக் கோபம், அந்தச் சரிவைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். பதவிக்காலம் பற்றி மேலே சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். நம்மிடம் அந்தச் சரிவு நேரத்தில்தான் டீன் மாறுகிறார், வருபவர் "இது சரிப்பட்டு வராது" என்று பழையதற்குத் திரும்புகிறார்.

எங்க துறைத் தலைவர் பாடமே எடுக்கறதில்ல, டீன்கிட்ட சொன்னா ஏதாவது நடக்குமா?

தனியாகப் போய்ச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது, அது இரண்டு பேருக்கு இடையிலான சண்டையாக மாறிவிடும். எந்த வகுப்பு எந்தத் தேதியில் நடக்கவில்லை என்று மாணவர் பிரதிநிதிகள் வைத்திருக்கும் குறிப்போ, மருத்துவக் கல்வி அலகு எடுக்கும் மாணவர் கருத்துப் படிவமோ இருந்தால் டீனுக்குப் பிடிமானம் கிடைக்கும். நல்ல டீன் அதை எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியலாக, துறைத் தலைவர்கள் கூடும் கல்லூரிக் கவுன்சிலில் வைப்பார். யாரையும் பெயர் சொல்லித் தாக்காமலே வேலை நடக்கும்.

டீன் ஆகப் போறவங்களுக்குப் பயிற்சி எதுவும் இல்லையா?

கற்பிப்பதற்குப் பயிற்சி இருக்கிறது. மருத்துவக் கல்வியின் அடிப்படைப் பயிற்சியை ஒவ்வொரு கல்லூரியும் நடத்துகிறது, அதற்கு மேல் உயர்நிலைப் பயிற்சியும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில், மருத்துவக் கல்வியாளர்களுக்குப் பயிற்சி தரும் ஃபைமர் அமைப்பின் மண்டல மையம் நடத்தும் ஃபெல்லோஷிப்பில் தலைமைப் பண்பும் ஒரு பாடம், சேர்பவர் தன் கல்லூரியில் ஒரு திட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். அங்கே போய் வந்தவர்கள் கூட்டம் நடத்தும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

இல்லாதது நிதிவிதி, டெண்டர், ஒழுங்கு நடவடிக்கை, தகவல் உரிமை மனு, நீதிமன்ற வழக்கு இவற்றுக்கான முறையான தயாரிப்பு. ஐ.ஏ.எஸ்.ஸில் சேரும் இளைஞருக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்த பிறகுதான் பொறுப்பைத் தருகிறோம். ஆயிரம் படுக்கை மருத்துவமனையைப் பேராசிரியர் ஒருவர் கையில் கொடுக்கும்போது, போன வாரம் வரை அவர் பார்த்த மிகப் பெரிய நிர்வாகம் தன் துறை மட்டும்தான். பேனலில் பெயர் வந்த உடனேயே ஒரு வருஷம் வைஸ் பிரின்சிபலாகவோ கண்காணிப்பாளராகவோ இருந்துவிட்டு வரட்டும் என்று விதி செய்தால் செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்போ பேசாம ஐ.ஏ.எஸ். அதிகாரியையே போட்டா என்ன?

நிதியும் கொள்முதலும் வேகமாக நகரலாம். ஆனால் எந்தத் துறையில் கற்பித்தல் சரிகிறது, எந்த மரணம் தவிர்த்திருக்கக் கூடியது என்று வார்டில் நடந்து பார்த்தே அறிய மருத்துவம் தெரிய வேண்டும். 2011-ல் அமன்டா குடால் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை ஒப்பிட்டு, மருத்துவர்கள் தலைமை தாங்கும் இடங்களில் தர மதிப்பெண் ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம் என்று காட்டினார். நல்ல மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன என்றும் இதைப் படிக்கலாம், மருத்துவர் வந்ததால்தான் தரம் உயர்ந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. எப்படியும் டாக்டரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவதற்கு அது ஆதரவு தராது. டீனுக்கு நிதியும் நிர்வாகமும் தெரிந்த ஒரு வலுவான அதிகாரியைத் துணைக்குக் கொடுப்பதே நடக்கக்கூடிய வழி.

பெண்கள் டீன் ஆனா சமாளிப்பாங்களா?

இந்தக் கேள்வி இன்னும் வருவது வருத்தமாக இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் முதல் இந்திய இயக்குநர் ஹில்டா லாசரஸ், அந்த நிறுவனத்தையே தொடங்கியவர் ஐடா ஸ்கடர். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பெண்கள் பலர் டீனாக இருந்திருக்கிறார்கள். சமாளிப்பதில் வேறுபாடு இல்லை, அந்த இடத்துக்கு வருவதில்தான் இருக்கிறது: பிள்ளைகளின் பத்தாவது, பன்னிரண்டாவது வருஷத்தில் வெளியூர் மாறுதல் வருமென்று பதவி உயர்வையே மறுத்து எழுதிக்கொடுக்கும் பெண் பேராசிரியர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

கண்டிப்பான டீன் நல்லவரா, எல்லாரோடயும் பழகுற டீன் நல்லவரா?

கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் டீனிடம் வந்து சேர்கிறது என்று பாருங்கள். வென்டிலேட்டர் பழுது, ஒரு பி.ஜி. (முதுநிலை மாணவர்) தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டி பார்த்தது, ஹாஸ்டலில் நடந்த அடிதடி, இவை அன்றே அவருக்குத் தெரிந்தால் அவர் எப்படிப் பேசினாலும் சரிதான். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார் என்றால், அவரிடம் சொல்லப் பயப்படுகிறார்கள், அல்லது சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ராகிங்கில் மட்டும் கண்டிப்புக்கு மாற்றுக் கிடையாது. 1996-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்று அதில் இருக்கிறது. "பசங்க விளையாட்டு" என்று சமாதானம் பேசும் டீன் சட்டப்படியே குற்றத்தில் பங்கெடுக்கிறார்.

டாக்டரை அடிச்சா, ஸ்ட்ரைக் வந்தா, டீன் யார் பக்கம் நிக்கணும்?

தாக்குதல் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட பின் 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை, வன்முறை நடந்த 6 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். பதிய வைப்பது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்று அறிவுறுத்தியது. அடிபட்ட ஹவுஸ் சர்ஜனைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பிய கல்லூரியில் அதற்குப் பிறகு தலைமை என்ற வார்த்தைக்கு யாரும் மதிப்புக் கொடுக்க மாட்டார்கள்.

ஸ்ட்ரைக் சிக்கலானது. 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் ஊதியக் கோரிக்கைக்காகப் போராடியபோது டீன்கள் அரசின் ஆணையையும் சக டாக்டர்களின் நியாயத்தையும் ஒரே நேரத்தில் சுமந்தார்கள். அவசர சிகிச்சையும் பிரசவமும் நிற்காமல் பார்ப்பது முதல் வேலை. அதற்குப் பிறகு, மேலே அனுப்பும் அறிக்கையில் கோரிக்கை என்ன, கூட்டம் எப்படி இருந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுவது. பட்டியல் தயாரித்துப் பழிவாங்க உதவியவர்களை அந்தத் தலைமுறை மறக்காது.

தனியார் காலேஜ் டீனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாதுல்ல?

வேறு தொல்லைகள். கருவி சீக்கிரம் வரும், காலி இடம் சீக்கிரம் நிரம்பும், ஆசிரியர் வயது 70 வரை இருக்கலாம் என்பதால் பதவிக்காலமும் நீளலாம். ஆனால் பல இடங்களில் கடைசி முடிவு அறக்கட்டளைக் குடும்பத்துடையது. வருகைப்பதிவு குறைந்த மாணவரைத் தேர்வு எழுத விடாமல் நிறுத்த டீனால் முடிகிறதா என்று பாருங்கள், அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு டீன் நல்லா செய்றாரான்னு எப்படித்தான் அளக்கிறது? பாஸ் பர்சன்டேஜ் போதுமா?

போதாது. நுழைவுத் தேர்வில் வடிகட்டி வந்த மாணவர்கள் யார் சொல்லிக்கொடுத்தாலும் இல்லாவிட்டாலும் ஓரளவு தேர்ச்சி பெறுவார்கள், முதுநிலை நீட் ரேங்க்குக்கு ஆன்லைன் கோச்சிங்கும் பங்கு கோருகிறது. நான் பார்க்கச் சொல்வது: ஹவுஸ் சர்ஜன் முடிக்கும் மாணவரால் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு சாதாரண பிரசவம் பார்க்க, மூச்சுக்குழாய் போட, உறவினரிடம் மரணச் செய்தி சொல்ல முடிகிறதா? பாடத்திட்டக் குழு தேதி தவறாமல் கூடுகிறதா? மாறுதல் கவுன்சலிங்கில் இந்தக் கல்லூரியைக் கேட்டு வருகிறார்களா, இதை விட்டு ஓடுகிறார்களா? இவற்றில் எதையும் யாரும் இப்போது கணக்கெடுப்பதில்லை, படுக்கை நிரம்பிய விகிதத்தையும் அறுவை எண்ணிக்கையையும் மட்டும் மாதாமாதம் கேட்கிறார்கள். கேட்கப்படுவதைத்தான் டீன் கவனிப்பார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்த மாசம் டீனா சேரப் போறேன், ஓய்வுக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கு. என்னதான் பண்ண முடியும்?

ஒரே ஒரு கல்வி வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஹவுஸ் சர்ஜன்களின் டியூட்டியை ரத்தம் எடுப்பதிலிருந்தும் ட்ராலி தள்ளுவதிலிருந்தும் விடுவித்து உண்மையான பயிற்சியாக மாற்றுவது ஒன்றாக இருக்கலாம், உள் மதிப்பீட்டை ஒழுங்காக்குவது இன்னொன்று. முதல் இரண்டு மாதம் எதையும் மாற்றாமல் எல்லாத் துறைக்கும் நீங்களே போங்கள், உங்கள் அறைக்கு அவர்களை வரச் சொல்லாதீர்கள். அலுவலகக் கண்காணிப்பாளரையும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டையும் முதல் வாரமே சந்தியுங்கள், கட்டிடம் எங்கே ஒழுகுகிறது என்பதிலிருந்து எந்த ஃபைல் ஏன் மூன்று வருஷமாக நிற்கிறது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

வாரத்தில் ஒரு காலை நேரம் கல்லூரிக்கு மட்டும் என்று அறிவித்து, ஆட்சியர் கூட்டம் வந்தால்கூட அதற்குக் கண்காணிப்பாளரை அனுப்பப் பாருங்கள். தேர்ந்தெடுத்த வேலையை உங்களுக்குப் பின்னாலும் இருக்கப்போகிற, ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று பேராசிரியர்கள் கையில் ஆரம்பத்திலேயே கொடுங்கள், அவர்கள் பெயரிலேயே சுற்றறிக்கை போகட்டும். என்ன முடிவு, எதற்காக எடுத்தோம், எங்கே தடங்கியது என்று ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ஒரு பக்கம் எழுதிக் கோப்பில் வையுங்கள், அடுத்து வரும் டீன் முதல் நாளே படிக்கும்படி.